எச்.ஐ.வி. பரிசோதனைத் தரம்: வெளிநாட்டு நிதியை எதில் போடுவது?

உகாண்டாவில் ஒரு சிறிய சுகாதார மையம். கர்ப்பிணிகளுக்கான பரிசோதனை நாள். மேசைமேல் டிட்டர்மின் என்ற எச்.ஐ.வி. துரிதப் பரிசோதனைக் கிட்டின் ஐந்து பட்டைகள் வரிசையாகக் கிடக்கின்றன. ஒவ்வொன்றிலும் விரல்நுனியில் குத்தி எடுத்த 50 மைக்ரோலிட்டர் ரத்தம், ஒரு நிமிடம் கழித்து ஒரு சொட்டு பஃபர் திரவம். 15 நிமிடம் காத்திருந்து படிக்க வேண்டும், 60 நிமிடம் தாண்டினால் படிக்கக் கூடாது. வெளியே முப்பது பேர் காத்திருக்கிறார்கள். டைமர் ஒன்றுதான் இருக்கிறது. மூன்றாவது பட்டையில் பெயர் எழுதவில்லை. நான்காவதில் கோடு விழுந்திருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத மங்கல். ஒரு நாட்டின் எச்.ஐ.வி. பரிசோதனைத் தரம் முதலில் தீர்மானமாவது இந்த மேசையில்தான். பிற ஆய்வகங்களின் தரத்தைச் சரிபார்க்கும், என்டெபேயில் இருக்கும் தேசிய ரெஃபரன்ஸ் ஆய்வகம் எவ்வளவு சிறப்பாக இயங்கினாலும், அந்தப் பெயரில்லாத பட்டையை அதனால் திருத்த முடியாது.

‘தேசிய எச்.ஐ.வி. ஆய்வகத் தரத்தை வலுப்படுத்துதல்’ என்ற தலைப்பில் ஐந்தாண்டு மானியம் ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்காவின் எய்ட்ஸ் நிவாரணத் திட்டமான பெப்ஃபார் 2003-இல் தொடங்கியதிலிருந்து இத்தகைய மானியங்கள் ஆப்பிரிக்க நாடுகளுக்குப் பழகிப்போனவை. எய்ட்ஸ், காசநோய், மலேரியாவுக்கான உலக நிதியமும் இதே தலைப்பில் தருகிறது. பணம் வந்ததும் நான்கு பக்கத்திலிருந்து கை நீளும். ஆய்வகங்களுக்கு, மருத்துவ ஆய்வகங்களுக்கான சர்வதேசத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 15189 அங்கீகாரம் வாங்க வேண்டும் என்பார்கள் ஒரு தரப்பினர். சுகாதார மையங்களின் துரிதப் பரிசோதனையைச் சீர்செய்ய வேண்டும் என்பார்கள் இன்னொரு தரப்பினர். மாதிரிகளில் ஒரு பங்கை மேல் ஆய்வகத்தில் மறுபரிசோதனை செய்யலாம் என்பது மூன்றாவது யோசனை. நான்காவது, புதிய கருவி. முன்பெல்லாம் நான்குக்கும் கொஞ்சம் கொஞ்சம் கிள்ளிக் கொடுத்துவிடலாம், அடுத்த ஆண்டும் பணம் வரும் என்ற நம்பிக்கை இருந்தது. 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை ஒரே உத்தரவில் நிறுத்திவைத்ததும் அந்த நம்பிக்கை போய்விட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த அந்நாட்டின் புதிய உலக சுகாதாரத் திட்டம் மருந்து, கிட், களப்பணியாளர் ஆகியவற்றுக்கு முன்னுரிமை தருகிறது; தொழில்நுட்ப உதவி என்ற தலைப்பைச் சுருக்கச் சொல்கிறது. தரக் கட்டுப்பாடு பெரும்பாலும் அந்தத் தலைப்பின் கீழ்தான் எழுதப்பட்டிருக்கும். ஆகவே எதை முதலில் காப்பாற்றுவது என்று இப்போதே தீர்மானித்தாக வேண்டும்.

அங்கீகாரம்

ஆப்பிரிக்காவில் இதற்கு நன்கு செப்பனிட்ட பாதை இருக்கிறது. 2008 ஜனவரியில் மபுட்டோவில் வெளியான அறிவிப்பு ஆய்வகங்களை முறையாகக் கட்டியெழுப்ப நாடுகளை அழைத்தது. 2009-இல் கிகாலியில் உலக சுகாதார நிறுவனத்தின் ஆப்பிரிக்க அலுவலகம் படிப்படியான நட்சத்திர முறையை அறிமுகப்படுத்தியது. ஸ்லிப்டா என்று அழைக்கப்படும் அந்தச் சரிபார்ப்புப் பட்டியலின் 2015 பதிப்பில் 12 பிரிவுகள், மொத்தம் 275 மதிப்பெண்கள். 55 சதவீதத்துக்குக் கீழே நட்சத்திரமே இல்லை. 55-இல் ஒன்று, 65-இல் இரண்டு, 75-இல் மூன்று, 85-இல் நான்கு, 95-இல் ஐந்து. அந்த ஏணியில் ஏற ஆய்வகத்தைத் தயார்செய்யும் பயிற்சிக்கு ஸ்லெம்டா என்று பெயர். ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டுக்குள் மூன்று பயிலரங்குகள் நடக்கும். இடைப்பட்ட மாதங்களில் ஊழியர்கள் தங்கள் ஆய்வகத்திலேயே சிறு சீர்திருத்தங்களைச் செய்து அளந்து காட்ட வேண்டும்: முடிவு கொடுக்கும் நேரத்தைக் குறைத்தது, நிராகரிக்கப்படும் மாதிரிகளைக் குறைத்தது, கையிருப்புப் பதிவேட்டை ஒழுங்குசெய்தது போன்றவை.

இந்தப் பயிற்சி நல்ல பயிற்சி, அதில் எங்களுக்கு ஐயமில்லை. பைப்பெட் எப்போது அளவுத்திருத்தம் செய்யப்பட்டது என்று கேட்கப் பழகாத ஆய்வகம் அப்படிக் கேட்கத் தொடங்குவதே பெரிய மாற்றம். சான்றிதழைப் பரப்ப முயலும்போதுதான் சிக்கல் வருகிறது. அங்கீகாரம் ஆய்வகம் முழுமைக்குமாகக் கிடைப்பதில்லை, பட்டியலிட்ட பரிசோதனைகளுக்கே கிடைக்கிறது. ஒரு மாவட்ட மருத்துவமனை ரத்தத்தில் எவ்வளவு வைரஸ் இருக்கிறது என்று அளக்கும் தன் வைரஸ் அளவுப் பரிசோதனைக்கும் ரத்த அணு எண்ணிக்கைக்கும் சான்றிதழ் வாங்கியிருக்கும். அதே வளாகத்தில் நூறு அடி தள்ளியிருக்கும் கர்ப்பிணிகள் பிரிவில் செவிலியர் செய்யும் துரிதப் பரிசோதனை அந்தச் சான்றிதழுக்குள் வராது. எச்.ஐ.வி. இருக்கிறது, இல்லை என்ற தீர்ப்பு பெரும்பாலும் எழுதப்படும் இடமோ அந்தப் பிரிவுதான்.

தக்கவைக்கும் செலவு இன்னொரு சுமை. தென்னாப்பிரிக்காவின் சானாஸ், கென்யாவின் கெனாஸ், போட்ஸ்வானாவிலிருந்து இயங்கும் சாட்காஸ் போன்ற அங்கீகார அமைப்புகளுக்கு ஆண்டுக் கட்டணம் உண்டு, கண்காணிப்புத் தணிக்கை உண்டு, தணிக்கையாளரின் விமானச் செலவு உண்டு. எல்லாம் வெளிநாட்டு நாணயத்தில். கிருமி வெளியே பரவாமல் காக்கும் பாதுகாப்புப் பெட்டகத்தை ஆண்டுதோறும் சோதித்துச் சான்று தர உள்நாட்டில் ஆள் இல்லையென்றால் அதற்கும் வெளியிலிருந்து பொறியாளர் வர வேண்டும். மானியம் முடிந்த அடுத்த ஆண்டே முதலில் விடுபடுவது அளவுத்திருத்தம். அதற்கடுத்து, தரப் பொறுப்பாளர் வேறு வேலைக்குப் போய்விடுவார். அப்புறம் சான்றிதழ் நிறுத்திவைக்கப்படும். இடையில் தரநிலையும் மாறுகிறது: 2012 பதிப்பிலிருந்து 2022 பதிப்புக்கு மாற 2025 முடிவுவரைதான் அவகாசம் இருந்தது. மாறுவதற்கான ஆவண வேலை மட்டுமே சிறிய ஆய்வகத்தை மாதக்கணக்கில் முடக்கிப்போடும்.

ஆகவே அங்கீகாரத்தை எங்கே வைத்துக்கொள்ள வேண்டும்? தேசிய ரெஃபரன்ஸ் ஆய்வகத்தில், வைரஸ் அளவும் குழந்தைகளுக்கான ஆரம்பக் கண்டறிதலும் நடக்கும் மைய ஆய்வகத்தில். உகாண்டாவில் என்டெபேயின் வைரஸ் ஆராய்ச்சி நிறுவனமும், கம்பாலாவின் புட்டபிகாவில் உள்ள மையப் பொதுச் சுகாதார ஆய்வகமும் அப்படிப்பட்டவை. நாடு முழுவதிலுமிருந்து மாதிரிகள் ஒரே இடத்துக்கு வந்து சேரும்போது அங்கே நடக்கும் ஒரு பிழை ஆயிரம் பேரைத் தொடும், அதனால் அங்கே முழுத் தரநிலையும் தேவை. மாவட்ட ஆய்வகத்துக்கு ஸ்லெம்டா பயிற்சி போதும். சான்றிதழ் வேண்டியதில்லை.

விரல்குத்தும் மேசை

எங்கள் கணிப்பில் பணத்தின் பெரும்பங்கு இங்கேதான் வர வேண்டும். காரணம் கணக்கிலேயே இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் துரிதக் கிட்டுகளிடம் குறைந்தது 98 சதவீதத் துல்லியத்தை எதிர்பார்க்கிறது. அதாவது எச்.ஐ.வி. இல்லாத நூறு பேரில் இரண்டு பேருக்குத் தவறான கோடு விழலாம். ஒரு லட்சம் பேரைப் பரிசோதிக்கிறோம், அவர்களில் 5,000 பேருக்கு உண்மையிலேயே தொற்று இருக்கிறது என்று கொள்வோம். தொற்றில்லாத 95,000 பேரில் முதல் கிட் 1,900 பேரைத் தவறாகக் காட்டும். வேறு வகையான இரண்டாவது கிட் அந்த 1,900-ஐ 38 ஆக்கும். பாசிட்டிவ் என்று சொல்லப்பட்டவர்களில் 99 சதவீதத்துக்கு மேல் உண்மையான பாசிட்டிவ், பரவாயில்லை. இப்போது அதே லட்சத்தில் 1,000 பேருக்கு மட்டுமே தொற்று என்று வையுங்கள். தவறானவர்கள் இரண்டு கிட்டுக்குப் பிறகும் சுமார் 40 பேர், உண்மையானவர்கள் 1,000 பேர்தான். நூறில் நான்கு பேருக்குப் பொய்யான தீர்ப்பு. மூன்றாவது கிட் சேர்ந்தால் அந்த 40 ஒன்றுக்கும் கீழே இறங்கும்.

உகாண்டாவில் 2016-17-இல் நடந்த தேசிய ஆய்வு 15 முதல் 64 வயதுவரை உள்ளோரில் 6.2 சதவீதத்தினருக்குத் தொற்று என்று கண்டது. அப்படியானால் இரண்டு கிட் போதுமே என்று தோன்றும். அங்கேதான் தவறுகிறார்கள். தொற்றுள்ளவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே தங்கள் நிலை தெரிந்து மாத்திரை சாப்பிடுகிறார்கள், அவர்கள் பரிசோதனை வரிசையில் நிற்பதில்லை. ஐந்தில் நான்கு பேர் ஏற்கெனவே கண்டறியப்பட்டிருந்தால், மிச்சமிருப்போரில் தொற்றுள்ளவர்கள் நூறில் ஒருவருக்குச் சற்று மேல்தான். திட்டம் வெற்றிபெறப் பெறப் பொய்ப் பாசிட்டிவின் பங்கு ஏறுகிறது. 2019-இல் உலக சுகாதார நிறுவனம் எல்லா நாடுகளையும் மூன்று பரிசோதனை முறைக்கு நகரச் சொன்னது இதனால்தான். மூன்றிலும் கோடு விழுந்தால்தான், அதாவது மூன்றும் ரியாக்டிவ் ஆனால்தான் பாசிட்டிவ். முதல் இரண்டும் ரியாக்டிவ் ஆகி மூன்றாவது ஆகவில்லையென்றால் ‘முடிவில்லை’ என்று எழுதி, 14 நாள் கழித்து வரச்சொல்ல வேண்டும்.

இதற்கும் ‘டை-பிரேக்கர்’ என்ற பழைய பழக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் புரிந்துகொள்ள வேண்டும். உகாண்டாவில் 2000-களில் டிட்டர்மின், ஸ்டாட்-பாக் என்ற இரண்டு கிட்டும் முரண்பட்டால் யூனி-கோல்டு என்ற மூன்றாவது கிட் தீர்ப்புச் சொல்லும், மூன்றில் இரண்டு பாசிட்டிவ் என்றால் பாசிட்டிவ். மூன்றாவது கிட்டை நடுவராக்குவது பொய்ப் பாசிட்டிவைக் கூட்டும் வழி. ராக்காய் மாவட்டத்தில் நடந்து 2007-இல் வெளியான ஆய்வு, மங்கலான கோடுகளைப் பாசிட்டிவ் என்று எண்ணியதால்தான் தவறுகள் குவிந்தன என்று காட்டியது. மங்கல் கோட்டையும் நடுவர் முறையையும் சேர்த்துவிட்டால் சந்தேகத்துக்கு இடமான ஒவ்வொருவரும் பாசிட்டிவ் பக்கம் தள்ளப்படுவார்.

ஆகவே மானியத்தின் முதல் வேலை, கிட் வரிசையைத் தேர்ந்தெடுக்கும் ஆய்வை ரெஃபரன்ஸ் ஆய்வகத்தில் நடத்துவது. மூன்று கிட்டுகளும் ஒரே ரத்தத்தில் ஒரே பொய்யைச் சொல்லக் கூடாது. பெயர் வேறாக இருந்தாலும் உள்ளே ஒரே மூலப்பொருள் இருந்தால் மேலே போட்ட கணக்கு செல்லாது. இதை நாட்டின் சொந்த மாதிரிகளில் சோதித்தே தெரிந்துகொள்ள முடியும்.

இரண்டாவது வேலை, பேனல். முடிவு தெரிந்த மாதிரிகளை ரகசியக் குறியீட்டோடு ஒவ்வொரு மையத்துக்கும் அனுப்பிச் செய்யச்சொல்வது. திரவ மாதிரியாக அனுப்பினால் ஐஸ் வேண்டும், வண்டி வேண்டும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி.யில் உருவாக்கி 2010-இல் வெளியிட்ட உலர்குழாய் முறை இதை எளிதாக்கிவிட்டது. 20 மைக்ரோலிட்டர் பிளாஸ்மாவில் 0.1 சதவீதப் பச்சைச் சாயம் கலந்து, சிறு பிளாஸ்டிக் குழாயில் விட்டு, மூடியைத் திறந்தபடி பாதுகாப்புப் பெட்டகத்தில் ஓர் இரவு உலரவிடுவார்கள். காலையில் அடியில் ஒரு பச்சைப் பொட்டு ஒட்டியிருக்கும். மூடி, உறையில் போட்டு, சாதாரணத் தபால் பையில் அனுப்பலாம். மையத்தில் அதில் 200 மைக்ரோலிட்டர் பஃபர் விட்டு, ஓர் இரவு வைத்து, மறுநாள் மெல்லத் தட்டிக் கலக்கி, நோயாளியின் ரத்தத்தைப் போலவே பரிசோதிக்க வேண்டும்.

எவ்வளவு பிளாஸ்மா வேண்டும் என்று பாருங்கள். 3,000 மையங்கள், ஒரு பேனலில் 6 குழாய்கள், ஆண்டுக்கு 2 சுற்றுகள். 36,000 குழாய்கள். ஒவ்வொன்றிலும் 20 மைக்ரோலிட்டர் என்றால் மொத்தம் 720 மில்லிலிட்டர். ஒருவர் கொடுக்கும் 450 மில்லி ரத்தத்திலிருந்து 200 முதல் 250 மில்லி பிளாஸ்மா கிடைக்கும். சேதாரத்தையும் முன்சோதனையையும் சேர்த்தாலும் ஐந்து பை போதும். ரத்த வங்கியோடு ஒரு கடிதப் போக்குவரத்தில் முடிகிற காரியம். நாடு தானே செய்துகொள்ள முடிகிற பொருளுக்கு வெளிநாட்டு பேனலை விலைகொடுத்து வாங்கும் திட்டங்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

பேனலில் என்ன கெடும்? பஃபர் விட்டுப் பத்தே நிமிடத்தில் பரிசோதித்துவிடுவார்கள். பொட்டு முழுதாகக் கரையாமல் பாசிட்டிவ் மாதிரி நெகட்டிவாக வரும். போக்குவரத்துக் குலுக்கலில் பொட்டு பெயர்ந்து மூடியில் ஒட்டியிருக்கும், தட்டி இறக்காமல் பஃபர் விட்டால் தண்ணீரைத்தான் பரிசோதிக்கிறோம். முழு ரத்தத்துக்கான அளவுக் குழலால் எடுப்பார்கள். மாவட்டத்தில் எல்லா மையங்களும் ஒரே விடையை ஒரே தவறோடு அனுப்பினால் தொலைபேசியில் பேசிக்கொண்டார்கள் என்று அர்த்தம். அதற்கு இரண்டு வரிசைகளில் பேனல் தயாரித்து மாற்றி மாற்றி அனுப்ப வேண்டும். இன்னொன்று, மையத்தில் உள்ள மிகத் திறமையானவர் ஒருவரே எல்லாச் சுற்றையும் செய்வார். பரிசோதனை செய்யும் ஒவ்வொருவர் பெயரிலும் தனித்தனியாகப் பதிவுசெய்தால்தான் இது அடைபடும். குழாய்களின் எண்ணிக்கை இரண்டு மூன்று மடங்காகும், ஆனாலும் பிளாஸ்மா மூன்று லிட்டரைத் தாண்டாது.

ஆறில் ஆறும் சரியாக இருந்தால்தான் தேர்ச்சி. ஆறில் ஐந்து என்பது பள்ளிக்கூடத்தில் நல்ல மதிப்பெண், இங்கே ஒரு மனிதரின் வாழ்க்கை. விடை வந்து 30 நாளுக்குள் மதிப்பெண் போகவில்லையென்றாலும், தவறிய மையத்துக்கு ஆள் போகவில்லையென்றாலும் அந்தச் சுற்றுக்குச் செலவிட்ட பணம் வீண். பெரும்பாலான நாடுகளில் சறுக்குவது இந்த இடத்தில்தான். பேனல் போகிறது, விடை வருகிறது, நான்கு மாதம் கழித்து மதிப்பெண் போகிறது. அதற்குள் அந்தச் செவிலியர் இடமாற்றலாகிப் போயிருப்பார். மானியத்தில் பேனல் தயாரிப்பைவிடத் திருத்தப் பயணத்துக்கு அதிகப் பணம் ஒதுக்க வேண்டும் என்று நாங்கள் வலியுறுத்துவது இதனால்.

மூன்றாவது, பதிவேடு. கிட்டத்தட்டச் செலவே இல்லாத, ஆனால் எல்லாவற்றையும்விட அதிகம் சொல்லக்கூடிய கருவி இதுதான். ஒவ்வொரு வரியிலும் முதல் கிட், அதன் லாட் எண் (தயாரிப்புத் தொகுதி எண்), காலாவதித் தேதி, முடிவு. இரண்டாவது கிட்டுக்கும் மூன்றாவதுக்கும் அப்படியே. பக்கத்தின் அடியில் கூட்டல். முதல் கிட்டில் ரியாக்டிவ் 40, இரண்டாவதில் அவர்களில் 38 என்றால் இணக்கம் 95 சதவீதம். அடுத்த மாதம் அது 80-க்கு இறங்கினால் என்ன நடந்தது? ஒரே மையத்தில் மட்டும் இறங்கியிருந்தால் ஆளைப் பாருங்கள். ஒரே லாட் எண் போன எல்லா மையங்களிலும் இறங்கியிருந்தால் கிட்டைப் பாருங்கள். ஒரு வட்டாரத்தில் வெயில் காலத்தில் இறங்கியிருந்தால் 30 டிகிரிக்கு மேல் கொதித்த கிடங்கைப் பாருங்கள். பேனல் ஆண்டுக்கு இரண்டு முறை சொல்வதைப் பதிவேடு மாதாமாதம் சொல்லும், அதுவும் உண்மையான நோயாளிகளை வைத்து. யாரும் பக்கத்தைக் கூட்டிப் பார்க்காததால்தான் அது ஊமையாகக் கிடக்கிறது.

இவற்றோடு, மையத்தை நேரில் போய் மதிப்பிடும் எஸ்.பி.ஐ.-ஆர்.டி. பட்டியலும் பரிசோதகருக்குச் சான்றளிப்பதும் சேரும். பட்டியலில் 40 சதவீதத்துக்குக் கீழ் பூஜ்ய நிலை, 90-க்கு மேல் நான்காம் நிலை. ஆண்டுக்கு ஒரு முறை போதும். கையில் டைமர்கள், புதிய அளவுக் குழல்கள், சுவரில் ஒட்டச் செயல்முறைத் தாள் எடுத்துக்கொண்டு போகாத மேற்பார்வைப் பயணத்தால் பயனில்லை.

மறுபரிசோதனை

இந்த வார்த்தைக்கு இரண்டு பொருள் உண்டு, கலந்துவிடக் கூடாது. ஒன்று, தரம் பார்ப்பதற்காக ஒரு பங்கு மாதிரியை மேல் ஆய்வகத்துக்கு அனுப்புவது. இந்தியாவில் இது நடைமுறையில் இருக்கிறது. தமிழ்நாட்டில் நம்பிக்கை மையம் என்று மக்கள் அறிந்த, ஆலோசனையும் பரிசோதனையும் தரும் ஐ.சி.டி.சி. மையங்கள் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் வாரத்தில் எடுத்த மாதிரிகளில் பாசிட்டிவில் 20 சதவீதத்தையும் நெகட்டிவில் 5 சதவீதத்தையும் மாநில ரெஃபரன்ஸ் ஆய்வகத்துக்கு அனுப்புகின்றன. மேலே தேசிய ரெஃபரன்ஸ் ஆய்வகங்கள், உச்சியில் எய்ட்ஸ் ஆராய்ச்சிக்கான புணேயின் தேசிய நிறுவனம், அங்கிருந்து பேனல் படிப்படியாகக் கீழே இறங்கும். இந்த ஏணியில் மறுபரிசோதனை ஓடுவதற்குக் காரணம் இருக்கிறது. இங்கே நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து சீரம் பிரிக்கிறார்கள், மிச்சம் இருக்கிறது. மேல் ஆய்வகம் பக்கத்து மருத்துவக் கல்லூரியில் இருக்கிறது.

உகாண்டாவில் விரல்குத்தில் மிச்சம் எதுவும் இல்லை. மறுபரிசோதனைக்கென்று தனியாக உலர்ரத்த அட்டையில் ஐந்து வட்டம் நிரப்பி, குறைந்தது நான்கு மணி நேரம் காயவைத்து, ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு பையில் அடைத்து அனுப்ப வேண்டும். கணக்கும் சாதகமாக இல்லை. ஆண்டுக்கு 600 பேரைப் பரிசோதிக்கும் மையத்தில் நூற்றுக்கு ஒன்று தவறு என்று கொண்டால், 5 சதவீதமாகிய 30 மாதிரிகளில் ஒரு தவறாவது சிக்கும் வாய்ப்பு 26 சதவீதம்தான். நான்கில் மூன்று மையங்கள் தவறிருந்தும் ‘சுத்தம்’ என்று சான்று வாங்கிக்கொள்ளும். இந்த வழியில் மானியத்தைப் போடுவதை நாங்கள் பரிந்துரைக்கவில்லை. இந்தியாவில் இருப்பதை நிறுத்தச் சொல்லவும் இல்லை, அங்கே அதற்கான கட்டமைப்பு ஏற்கெனவே இருக்கிறது.

இரண்டாவது பொருள் முற்றிலும் வேறு: பாசிட்டிவ் என்று முடிவான ஒவ்வொருவருக்கும், எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து தொடங்கும் முன், புதிதாக ரத்தம் எடுத்து, முடிந்தால் வேறொரு கையால், முழு வரிசையையும் மறுபடி செய்வது. இதை விட்டுவிடக் கூடாது. பெயர் மாறிய பட்டை, பதிவேட்டில் ஒரு வரி தள்ளி எழுதியது, நகாயி என்ற ஒரே பெயருள்ள இரண்டு பெண்களில் ஒருத்தியின் முடிவு இன்னொருத்திக்குப் போனது: மூன்று கிட்டும் பிடிக்காத இந்த எழுத்துப் பிழைகளைப் பிடிப்பது இது ஒன்றுதான். மருந்து தொடங்கிவிட்டால் பிறகு திரும்பிப் பார்ப்பது கடினம். சீக்கிரமே மருந்து தொடங்கிய உண்மையான பாசிட்டிவ் ஒருவருக்கு எதிர்ப்பொருள் மங்கி நெகட்டிவ் போலத் தெரியலாம், அப்போது யார் உண்மையான நோயாளி, யார் பிழையால் மாட்டியவர் என்று பிரிப்பது பெரும்பாடு. பரிசோதிக்கப்படுவோரில் நூற்றில் ஓரிருவருக்கு மட்டுமே தேவைப்படுவதால் செலவும் சிறிது. ஒருவர் வாழ்நாள் முழுவதும் தேவையில்லாமல் மருந்து சாப்பிடுவதோடும், குடும்பத்தில் அவர் இழப்பதோடும் ஒப்பிட்டால் அந்த மூன்று பட்டைகள் ஒன்றுமே இல்லை.

கருவிகள்

இதில் நீண்ட விவாதம் தேவையில்லை. மானியப் பணத்தில் வைரஸ் அளவுக் கருவியைச் சொந்தமாக வாங்க வேண்டாம். வாங்கிய கருவிக்குப் பராமரிப்பு ஒப்பந்தம் முடிந்த அன்றே அது மேசையாகிவிடும். எல்லாச் செலவும் அடங்கிய ஒரு பரிசோதனை விலைக்கு ஒப்பந்தம் போடுவதே சரி. கருவி, பராமரிப்பு, ரீஏஜென்ட் எல்லாம் அதில் அடங்கும். ரோஷ் 2014-இல் 9.40 டாலர் உச்சவரம்பு அறிவித்தது, ஹோலாஜிக் 2018-இல் எல்லாம் அடங்கிய 12 டாலர் விலைக்கு வந்தது. பேரம் பேசும்போது முதல் விலையில் ரீஏஜென்ட் மட்டும்தானா, இரண்டாவதில் பழுதுபார்ப்பும் அடக்கமா என்று பிரித்துப் பார்க்காமல் குறைந்த எண்ணில் கையெழுத்திடுவது வழக்கமாக நடக்கும் தவறு. கருவி எத்தனை நாள் நின்றால் அபராதம் என்பதும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

தரம் கெடுவது கருவிக்குள் அல்ல, வழியில்தான். ஊதா மூடிக் குழாயில் எடுத்த ரத்தத்தை 24 மணி நேரத்துக்குள் சுழற்றிப் பிளாஸ்மா பிரிக்க வேண்டும். உகாண்டா இதற்குக் கண்ட வழி பாராட்டத்தக்கது. 30 முதல் 40 கிலோமீட்டர் சுற்றளவில் உள்ள 20 முதல் 50 மையங்களுக்கு ஒரு ஹப் ஆய்வகம், அதற்கொரு மோட்டார் சைக்கிள், கிழமை குறித்த ஓட்டம். பேனலும் அதே வண்டியில் போகலாம், மதிப்பெண்ணும் அதே வண்டியில் வரலாம். பெட்ரோலுக்கும் டயருக்கும் கொடுக்கும் பணம் மானியத்தில் கவர்ச்சியில்லாத வரி, அதனால் முதலில் வெட்டப்படுவதும் அதுதான். வெட்டக் கூடாத வரி அது.

யார் கையில் பணம்

அமைச்சகத்தின் ஆய்வகத்துக்கு நேரே கொடுப்பதா, வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் வழியாகவா? நிறுவனம் வேகமாகச் செய்யும். கணக்கு நேராக இருக்கும், பேனல் குறித்த தேதியில் போகும். அரசு வழியில் கொள்முதல் ஒப்புதலுக்கே எட்டு மாதம் ஆகலாம். ஆனால் நிறுவனம் நியமித்த தரக் கண்காணிப்பாளர்கள், ஆய்வகப் பணியாளர்களைவிடப் பல மடங்கு சம்பளம் வாங்கி, ஐந்தாம் ஆண்டு முடிவில் ஒரே நாளில் மறைந்துபோவார்கள். 2025 ஜனவரியில் பல நாடுகள் பார்த்தது இதைத்தான்: கிட் கிடங்கில் இருந்தது, அதை மையத்துக்குப் பங்கிட்டுக் கொடுப்பவரின் சம்பளம் நின்றுவிட்டது.

எங்கள் தேர்வு நேரடி வழி. ஆனால் முதல் இரண்டு ஆண்டு நிறுவனம் கொள்முதலை மட்டும் பார்த்துக்கொள்ளட்டும், ஆட்கள் முதல் நாளிலிருந்தே அரசுச் சம்பள விகிதத்தில் இருக்கட்டும். பயிற்சிப் பணத்தை ஹோட்டல் அரங்குகளிலிருந்து எடுத்து மையத்துக்குள்ளேயே செலவிட வேண்டும். ஐந்து நாள் பயிலரங்குக்கு வருகிறவர் பெரும்பாலும் பொறுப்பாளர், பட்டையைப் படிப்பவர் மையத்திலேயே இருப்பார்.

பத்துப் பங்காகப் பிரித்தால்

விரல்குத்தும் மேசைக்கு ஆறு. அதில் பேனலுக்கும் பதிவேட்டுக்கும் இரண்டு, மேற்பார்வைப் பயணத்துக்கும் திருத்தத்துக்கும் மூன்று, கிட் வரிசை ஆய்வுக்கும் ஒவ்வொரு புதிய லாட்டையும் கிடங்கை விட்டு வெளியேறும் முன் தெரிந்த மாதிரிகளில் சோதிப்பதற்கும் ஒன்று. நாட்டின் இரண்டு மைய ஆய்வகங்களின் அங்கீகாரத்துக்கு இரண்டு. ஹப் போக்குவரத்துக்கு இரண்டு. கருவிக்கு ஒன்றும் வேண்டாம். தரம் பார்க்கும் மறுபரிசோதனைக்கும் வேண்டாம். மருந்துக்கு முந்தைய மறுபரிசோதனை கிட் கொள்முதலுக்குள்ளேயே அடங்கிவிடும்.

தொற்று மிகக் குறைவாகவும் ஆய்வகங்கள் அடர்த்தியாகவும் உள்ள நாட்டில் இந்தப் பங்கீடு பொருந்தாது. இந்தியா தன் ஐந்தாம் கட்டத் திட்டத்துக்கு, 2021 முதல் 2026 வரை, மத்திய அரசின் பணமாகவே 15,471.94 கோடி ரூபாய் ஒதுக்கிக்கொண்டது. அப்படிப்பட்ட இடத்தில் வெளிநாட்டு மானியத்தை அங்கீகாரத்துக்கும் பயிற்சிக்கும் மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

உகாண்டா போன்ற நாட்டில் ஒப்பந்தத்திலேயே ஒரு நிபந்தனை எழுதிவிட வேண்டும். முதல் ஆண்டு பேனல், பயணம், மூன்றாவது கிட் அனைத்தும் மானியத்தில். மூன்றாம் ஆண்டு மூன்றாவது கிட்டின் விலை அமைச்சகத்தின் கொள்முதல் பட்டியலில். நான்காம் ஆண்டு பேனலின் குழாய், சாயம், பஃபர் ஆகியவை ரெஃபரன்ஸ் ஆய்வகத்தின் சொந்த நிதியில். ஐந்தாம் ஆண்டின் இரண்டாவது சுற்றை வெளிப்பணம் ஒரு ஷில்லிங்கும் இல்லாமல் நடத்திக்காட்ட வேண்டும், மானியம் கையில் இருக்கும்போதே. எது அறுந்துபோகிறது என்று அந்தச் சுற்றில் தெரிந்துவிடும். சரிசெய்ய இன்னும் சில மாதம் மிச்சமிருக்கும்.